ஊரார் காக்கும் காடு

(அஞ்சுகிராமத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காடில்லாத அஞ்சுகிராமத்தில் வனப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கோதையாற்று நீரைத் தேக்கும் பேச்சிப்பாறை அணை 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு நீரூட்டுவது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு. காட்டு மண் மழைநீரை உள்வாங்கிச் சிறுகச் சிறுக வெளிவிடுகிறது. காடு குறைந்தால் மண் கரைந்து அணையில் படியும். கால்வாயில் நீர் சுருங்கும். அப்பொழுது முதலில் வாடுவது கடைவரம்புப் பயிரே அன்றோ?

காட்டைக் காவலர் மட்டும் காத்துவிட முடியாது. மேற்கு வங்காளத்து அரபாரியில் விறகுக்காக வெட்டி வெட்டிச் சால மரக்காடு புதராயிற்று. 1972ஆம் ஆண்டில் அங்கிருந்த வன அதிகாரி ஏ. கே. பானர்ஜி, சுற்றியிருந்த 11 கிராமத்தாரை அழைத்துப் பேசினார். ஏறத்தாழ 1,272 ஹெக்டேர் காட்டை ஊரார் காப்பதென்றும், அவர்களுக்கு வனவேலையும், சிறு விளைபொருள்களும், மரவிற்பனையில் 25 சதவீதமும் கிடைக்குமென்றும் உடன்பாடாயிற்று. வெட்டுண்ட அடிக்கட்டைகள் துளிர்த்துக் காடாயின. இத்தகைய அனுபவத்தை ஒட்டி, 1990ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், ஊராரைக் கூட்டாளிகளாகச் சேர்க்குமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிற்று. நம் மாநிலத்தில் 1997 முதல் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ்க் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, வழிவழியாகத் தாம் காத்துவந்த காட்டை நிர்வகிக்கும் உரிமையை வனவாழ் மக்களுக்கு அளித்தது.

இவற்றின் படிப்பினை ஒன்றே. இன்று மேய்ச்சலையும் விறகையும் விட்டுக்கொடுப்பவர் எவரோ, அவருக்கே நாளைய பலனில் முதற்பங்கு உறுதியாக வேண்டும். அஃதில்லையேல், நட்ட கன்றுகளின் எண்ணிக்கை பதிவேட்டில் நிற்கும், மரம் நிற்காது.

நமக்குள்ள காடு குளக்கரையும் புறம்போக்குமே. அவற்றில் பனை நடுவோம். பனை கரையைப் பிடித்து நிறுத்தும். அதிக நீர் கேளாது. ஓலையும் நுங்கும் பதநீரும் கிழங்கும் தரும். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. ஆயினும் விதைத்தவுடன் பலன் வாராது. பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே விதை ஊன்றுமுன் மூன்று காரியங்களை முடித்தல் நலம். முதலாவது, ஆடு மேய்ப்போரையும் விறகு பொறுக்கும் பெண்களையும் கூட்டத்திற்கு அழைத்து, அவர்தம் சொல்லைக் கேட்டல். இரண்டாவது, மூடும் நிலம் எது, மேய்ச்சலுக்கு விடும் நிலம் எது என எல்லை குறித்தல். மூன்றாவது, ஓலைக்கும் பதநீருக்கும் உரியவர் யார், பொதுநிதிக்குச் சேர்வது எவ்வளவு என எழுதிக் கையொப்பமிடுதல்.

அரசு விதையும் உதவியும் அளிக்கலாம். இரவில் அவிழ்த்துவிட்ட மாட்டை மறிப்பது ஊராரின் கையே. அடுத்த மழைக்கு முன் இவ்வுடன்பாட்டை எழுதி முடிக்குமாறு அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்.