பழைய கூரையும் ஈரப்பத உணரியும்



திருச்சியில் நான் முன்பு பணியாற்றிய பள்ளியின் பழைய கட்டடத்தில், ஒரு விடுமுறை நாளன்று கூரைப் பூச்சு பெயர்ந்து முதல் வரிசை பெஞ்சின் மேல் விழுந்தது. ஒழுகும்போதெல்லாம் மாடியில் சிமெண்ட் பூசி வந்தோம். பூசச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அது மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு. மழையில் நனையும் சுண்ணாம்பு வெயிலில் உலர்ந்துவிடும். சிமெண்ட் பூச்சோ, விரிசல் வழியே இறங்கிய ஈரத்தை எளிதில் வெளியே விடாது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே விட்டம் இற்றுக்கொண்டிருக்கும்.

இதைக் கண்ணால் அறிய முடியாது. அதனால்தான் மரபுக் கட்டடங்களின் கூரைக்குள் ஈரப்பத, வெப்ப உணரிகளைப் பதிக்கிறார்கள். ஒருநாள் அளவு போதாது. ஐப்பசி மழை முதல் சித்திரை வெயில் வரை பதிவு செய்தால், நனைந்த தளம் எத்தனை நாளில் உலர்கிறது என்று தெரியும்.

ஸ்ரீரங்கம் அரங்கநாதசுவாமி கோயில் புனரமைப்புக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பழைய மழைநீர் வடிகால்களை மீட்டதும் அப்பணியில் ஒன்று. நீர் போக வழிவிடுவதே முதல் மருந்து.

உணரி இல்லாவிட்டாலும் வகுப்பில் இதைச் செய்யலாம். ஒரு செங்கல்லில் சுண்ணாம்புச் சாந்து, மற்றொன்றில் சிமெண்ட் சாந்து பூசி, நன்கு இறுகியபின் எடை போடுங்கள். ஊறவைத்து எடுத்து, அந்த எடைக்குத் திரும்ப எத்தனை நாள் என்று மாணவர்கள் குறிக்கட்டும்.

அப்படிக் குறித்துப் பழகிய மாணவர், நாளை ஒழுகும் கூரையைக் கண்டால் முதலில் அளந்து பார்ப்பார். நாங்கள் அதைச் செய்யவில்லை.