பழைய ஸ்கூட்டருக்கு எந்த ஆயில்?

பழைய சேத்தக், எல்.எம்.எல். வெஸ்பா இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்கென்று தனிச் சுற்று கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்தே ஆயில் உள்ளே போய், பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்து போகிறது. அதனால் எரிந்தபின் சாம்பல் அதிகம் மிஞ்சாத ஆயில்தான் வேண்டும். காரில் ஊற்றும் இன்ஜின் ஆயில் மீதம் இருக்கிறதே என்று இதில் ஊற்றாதீர்கள். பிளக்கில் கரி கட்டிவிடும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற தரக்குறி போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம். எஃப்.பி.யைவிட இவற்றில் புகை குறைவு. எஃப்.டி. கரியையும் நன்றாகத் தடுக்கும். டி.சி.-டபிள்யூ 3 என்பது படகு மோட்டாருக்கானது; காற்றில் குளிரும் ஸ்கூட்டருக்கு அது வேண்டாம்.

அளவு, பெரும்பாலும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். 'கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது' என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். சைலன்சர்தான் அடைக்கும், பின்னால் வருகிறவர்தான் புகையை விழுங்குவார். பங்கில் முதலில் ஆயிலை ஊற்றச் சொல்லி, அப்புறம் பெட்ரோல் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் விழுகிற வேகத்திலேயே இரண்டும் கலந்துவிடும்.