விடுதி அறையும் ஒரு கேக்கும்

இன்று பட்டம் பெறும் இளம் வழக்கறிஞர்களே, இந்த வெயிலில் கறுப்பு அங்கியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். சீக்கிரம் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்த சிலர் இங்கே ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ‘மறுபடியும் கேக் வழக்கா?’ என்று அவர்கள் சிரிப்பது தெரிகிறது. ஆமாம், மறுபடியும்தான்.

2008. இங்கிலாந்தின் கார்ன்வால். சட்டப்படி இணையராகப் பதிவு செய்துகொண்ட இரண்டு ஆண்கள், முன்பதிவு செய்த விடுதிக்குப் போனார்கள். நடத்தியவர்கள் பக்தியுள்ள கிறிஸ்தவத் தம்பதி. மணமான ஆண்-பெண் ஜோடிக்குத்தான் டபுள் பெட் அறை என்று மறுத்துவிட்டார்கள். 2013-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் விடுதிக்காரர்கள் தோற்றார்கள்.

அடுத்தது பெல்ஃபாஸ்ட், 2014. தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தோடு ஒருவர் கேக் கேட்டார்; விலை 36.50 பவுண்ட். ஆர்டர் எடுத்த பேக்கரி, அது தங்கள் மதத்துக்கு ஒவ்வாது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2018-இல் அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் பேக்கரி பக்கம் நின்றார்கள். இரண்டிலும் முதன்மைத் தீர்ப்பு எழுதியவர் லேடி ஹேல்.

அம்மையார் மனம் மாறிவிட்டாரா? எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர், தீர்ப்பை ஒப்பித்தால் ‘உட்காரப்பா’ என்பார். யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று சொன்னால்தான் காது கொடுப்பார். அவர் கேள்வியையே இங்கே கேளுங்கள். அந்த வாசகத்தை யார் எழுதச் சொல்லியிருந்தாலும் பேக்கரி மறுத்திருக்கும். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அவருக்குக் கேக் விற்க மறுத்திருந்தால் பேக்கரியும் தோற்றிருக்கும். ஹேலே அதைச் சொல்கிறார். விடுதியில், வந்தவர்கள் யார் என்று பார்த்தபின் அறை இல்லை என்றார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாகுபாட்டைத் தடுக்கும் நம் அரசமைப்புப் பிரிவு 15(2), கடையையும் உணவகத்தையும் விடுதியையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. மத சுதந்திரம் தரும் பிரிவு 25, மற்ற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டது. 2018-இல் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கு தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் தன்பாலீர்ப்பாளரைத் தனியார் முதலாளி வேலையிலிருந்து நீக்கினாலோ, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னாலோ, நேராக எடுத்து நீட்ட ஒரு முழுமையான சட்டம் நம்மிடம் இல்லை.

அப்படியொரு மசோதாவை எழுதும் வேலை உங்களில் ஒருவருக்கு வரலாம். விதிவிலக்குப் பிரிவில் ‘மத நம்பிக்கை’ என்று மொட்டையாக எழுதி முடித்துவிடாதீர்கள். சடங்கு நடத்த மறுக்கும் குருவுக்கு இடம் கொடுங்கள். மண்டபத்தை வாடகைக்கு விட மறுக்கும் முதலாளிக்குக் கொடுக்காதீர்கள்.