விலையும் கொடையும்
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற தீபாவளிக்கு முன்னர் என் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வந்தது. ஆறு அகல் விளக்குகள், விலை ரூ.600. "விற்பனையில் ஒரு பகுதி பசுமடத்திற்கு" என்று மடத்தின் பெயரும் படமும் இட்டிருந்தனர். கடைத்தெருவில் அவ்விளக்குகள் நூறு ரூபாய் பெறா. அறத்திற்கன்றோ என்று பணம் செலுத்த முனைந்தேன். "ஒரு பகுதி என்றால் எவ்வளவு? மடத்தாரையே கேளுங்களேன்" என்று தடுத்தவர் என் இல்லத்தரசியார்.

விளம்பரத்திலிருந்த எண்ணை விடுத்து, மடத்தின் எண்ணைத் தனியே தேடி அழைத்தேன். அவ்வாறொரு விற்பனை நடப்பதையே அவர்கள் அறியார்!

வருமான வரித்துறையின் இணையதளத்தில் நன்கொடை வரிச்சலுகைப் பதிவையும், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் நிறுவன விவரத்தையும் பார்க்கலாம்; பார்க்கவும் வேண்டும். ஆனால் அம்மடத்தின் பதிவு மெய்யானதே. களவு போனது அதன் பெயர். ஆகவே, பெயருக்குரியவரை வினவாமல் எச்சோதனையும் நிறைவுறாது.

மற்றொன்று. பொருளுக்குக் கொடுக்கும் விலை நன்கொடையன்று. "வாங்கினால் வரிச்சலுகை" என்பாரை ஐயுறுக. நன்கொடைச் சான்றிதழை வழங்க வேண்டியது அறநிறுவனமே, விற்பவர் அல்லர். பணத்தை இழந்துவிட்டால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பிறரைச் சொல்லும் நாம் நம்மையும் பார்க்க வேண்டும். நம் நாட்காட்டி விற்பனையிலும் "ஒரு பகுதி கல்வி நிதிக்கு" என்றே அச்சிட்டு வருகிறோம். இவ்வாண்டு முதல் அந்தத் தொகையை ரூபாயில் அச்சிடுமாறு அறங்காவலர்களை வேண்டி அமர்கிறேன்.