படம் அழிந்தது, புத்தகம் இருக்கிறது

மஞ்சக்குட்டையிலிருந்து சேலத்துக்கு இறங்கும் எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்கு ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு பழகிப்போன காட்சி. டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்', 1950இல் 'மந்திரி குமாரி', 1956இல் வண்ணத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் அந்த நிறுவனத்தின் படங்கள்தான். இன்று வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த வளைவைப் போலவே, பழைய படங்களோடு பிணைந்து, படங்கள் போன பிறகும் மிஞ்சி நிற்கும் புத்தகங்கள் சில உண்டு. அவற்றைத் தேடிச் சேர்க்கும் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தப் பழக்கம் உலகெங்கும் உண்டு. பேசாப்படக் காலத்தில் அமெரிக்காவின் கிராசெட் அண்ட் டன்லப் போன்ற பதிப்பகங்கள், திரைக்கு வந்த கதைகளைப் படக்காட்சிகளின் புகைப்படங்களோடு மலிவு விலை நாவல்களாக வெளியிட்டன. லான் சேனி நடித்து 1927இல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தின் கடைசிப் பிரதி, 1960களில் ஒரு ஸ்டுடியோ கிடங்கில் பிடித்த தீயில் எரிந்துபோனது. ஆனால் அந்தப் படத்தை ஒட்டி 1928இல் மேரி கூலிட்ஜ்-ராஸ்க் எழுதிய நாவல் இருக்கிறது. படத்தைப் பார்க்க வழியில்லாதவர்கள் அந்த நாவலைத்தான் தேடிப் போகிறார்கள்.

நம் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேசாப்படங்களில் மிஞ்சியவை மிகச் சொற்பம். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் கதைப்படம். அதில் ஓர் அடிச் சுருள்கூட இன்று இல்லை. தப்பிப் பிழைத்த தென்னாட்டுப் பேசாப்படங்களில் முதன்மையானது, நாகர்கோவில்காரரான சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதாக, அதன் பதிப்பாளரான திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போ வழக்குத் தொடுத்தது. படம் தடுக்கப்பட்டது, பிரதி புத்தகக் கடையின் வசம் போய்ச் சேர்ந்தது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை அங்கிருந்து பெற்றுக்கொண்டது. ஒரு படத்தைப் புத்தகக் கடை காப்பாற்றிக் கொடுத்த வரலாறு இது.

நம்மிடம் மிஞ்சிய புத்தகங்களில் முதல் வகை பாட்டுப் புத்தகம். படம் பேசத் தொடங்கியதும் அது தமிழ்நாட்டில் வந்துவிட்டது. கொட்டகை வாசலில் ஓர் அணாவுக்கும் இரண்டு அணாவுக்கும் விற்றது. உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், வரிசையாகப் பாடல்கள். கதைச் சுருக்கம் நல்ல கட்டத்தில் நின்றுபோகும், மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லி முடியும். இலக்கியம் என்று பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. அச்சுப்பிழைகள் நிறைய, நடை கரடுமுரடு. ஆனால் சாட்சியம் என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காது. முப்பதுகளில் வந்த எத்தனையோ படங்களுக்கு அதே கதிதான். அப்படி மறைந்த ஒரு படத்தில் யார் நடித்தார், யார் பாட்டெழுதினார், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தது என்று சொல்ல, பெரும்பாலும் அந்த மெல்லிய புத்தகத்தை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.

இரண்டாவது வகை, படமான நாவல்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935இல் டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்க ராஜா சாண்டோ இயக்கத்தில் படமானது. வை. மு. கோதைநாயகியின் 'அனாதைப் பெண்' 1938இல் படமாக வந்தது. டி. பி. ராஜலட்சுமி தாம் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936இல் 'மிஸ் கமலா' என்று தாமே இயக்கினார். பேசாப்படத்தில் நடிக்கத் தொடங்கி, முதல் தமிழ்ப் பேசும்படத்தின் நாயகியாகி, நாவலும் எழுதி, படத்தையும் இயக்கிய பெண் அவர். அந்த நாவலின் பழைய பிரதி கிடைத்தால் அது ஒரு பொக்கிஷம்.

மூன்றாவது வகை, வாசகர்கள் பைண்டு செய்து வைத்த பத்திரிகைத் தொடர்கதைகள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கல்கி 'தியாகபூமி'யை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது, கே. சுப்ரமணியம் அதே கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியத்துக்குப் பதில் படத்தின் காட்சிகளே புகைப்படமாக வந்தன. சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன் முகம், சாவித்திரி என்றால் எஸ். டி. சுப்புலட்சுமி முகம் என்று, கொட்டகைக்குப் போவதற்கு முன்பே வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. 1939இல் படம் வெளிவந்தது. பிறகு ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. திரையில் தடுக்க முடிந்ததே தவிர, வீடுகளில் கிடந்த விகடன் தாள்களை யாராலும் தடுக்க முடியவில்லை.

நம் வீட்டுப் பெண்கள் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, கடைசியில் பைண்டு செய்து வைத்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அச்சகத்தில் தயாரான நாவலைத் தேடுகிறார்கள். நமக்கோ வாசகரே தம் கையால் உண்டாக்கிய புத்தகம் இருக்கிறது. அதன் அட்டையில் பதிப்பாளர் பெயர் இல்லை, விலை இல்லை. உள்ளே கதையும் காட்சியும் அன்றைய விளம்பரங்களும், எந்த வாரம் எங்கே நிறுத்தினார்கள் என்ற தடமும் இருக்கின்றன. பின்னால் வந்த நூலில் கதையை முழுதாகப் படித்துவிடலாம். வாராவாரம் காத்திருந்து படித்த அந்த அனுபவம் பைண்டில்தான் தங்கியிருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத இந்தப் பைண்டுகளை நம் திரை வரலாற்றின் முதல்தர ஆவணமாக மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆண்டு அச்சிடாத பாட்டுப் புத்தகத்தின் காலத்தை விலையே காட்டிக்கொடுக்கும். அணாக் கணக்கு என்றால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்குப் பிந்தையது.

அடுத்து, பராமரிப்பு. எங்கள் மலையில் மழை மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். மட்டமான தாள் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பின் ஊசி துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடும். துருப்பிடித்த பின்னை மெல்ல நீக்கிவிட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தோடு உரிந்து வரும். லேமினேஷனும் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், துவைத்து வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். வெயில் வந்த நாளில் நிழலில் பரப்பிக் காற்றாட விடுங்கள்.

சேகரிப்பில் ஒரு குறையும் உண்டு. அரிய பிரதி கிடைத்ததும் பூட்டி வைத்து, யாருக்கும் காட்டாமல் விலை ஏறக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் அணாவுக்கு எல்லோர் கையிலும் புழங்கிய பொருளை இப்படி ஒளித்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாகி, கேட்பவர்க்கெல்லாம் பயன்படுகின்றன. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் திரட்டிய தகவல்களும் புகைப்படங்களும் இல்லையென்றால் தமிழ்த் திரை வரலாற்றை எழுதவே முடியாது. சேர்த்ததைப் பிறர் படிக்கக் கொடுத்ததால்தான் அவர்கள் பெரியவர்கள்.

நேயர்களே, பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை கட்டைப் பிரித்துப் பாருங்கள். பாட்டி பைண்டு செய்த தொடர்கதையோ, அட்டை போன பாட்டுப் புத்தகமோ கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். வைத்துக் காக்க முடியாவிட்டால் நல்ல நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள், அது யார் வீட்டில் இருந்தது, யார் படித்தது என்று ஒரு தாளில் எழுதிச் செருகுங்கள். படச்சுருளைக் காப்பாற்றக் குளிரூட்டிய அறையும் நிபுணர்களும் வேண்டும். இந்தப் புத்தகங்களைக் காப்பாற்ற நம் வீட்டுக் கைகளே போதும்.