குருணை யார் கையில் கரைகிறது?

(பழவேற்காடு ஏரிக்கரையில் விவசாயக் கூலிகளும் மீன்பிடிப்போரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, வலையையும் வயலையும் விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாமார்களே,

தெளிக்கிற மருந்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் குருணையைப் பற்றிப் பேசுகிறேன். நாற்றங்காலில் நூற்புழுவுக்கு, வயலில் தண்டுத்துளைப்பானுக்கு, கார்போபியூரான் 3 சதவீதக் குருணை. பியூரடான் என்றால்தான் நம்ம ஜனங்களுக்குத் தெரியும். ஒரு கிலோவில் விஷம் 30 கிராம், பாக்கி 970 கிராம் மணல், களிமண் மாதிரி வெறும் சுமைதான். சிறு பறவை ஒன்று விதையென்று நினைத்து ஒரே ஒரு குருணையைக் கொத்தினால் போதும், செத்துவிடும்.

எங்கம்மா அதை இரும்புச் சட்டியில் மணலோடு கலந்து வெறுங்கையால் வீசினவங்க. வாய்க்காலில் கை அலசிட்டுக் கஞ்சி குடிப்பாங்க. தலை சுத்துது, வாயில எச்சில் ஊறுதுன்னா, "வெயில்" என்பார் நிலத்துக்காரர். வெயிலுக்கு எச்சில் ஊறுமா? அது நரம்பைப் பிடிக்கிற கார்பமேட் விஷத்தின் அடையாளம். 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்தான் இதைச் செய்யவும் மூலப்பொருள்.

இப்போது ஆய்வுக்கூடங்களில் புதுவகைக் குருணை செய்கிறார்கள். மாவுச்சத்து, கடல்பாசியில் எடுக்கிற ஆல்ஜினேட், கைட்டோசான் இவற்றுக்குள்ளே மருந்தைப் பொதிந்து உருண்டையாக்குகிறார்கள். ஈரம் பட்டால் உருண்டை உப்பும், மருந்து மெல்ல மெல்லக் கசியும், கூட்டை மண்ணிலிருக்கிற நுண்ணுயிர் தின்றுவிடும். ஒரே மழையில் மொத்தமும் அடித்துக்கொண்டு போகாது, குறைந்த மருந்தே போதும். இதைக் கேலி பேச நான் வரவில்லை, நல்ல வேலைதான். கைட்டோசான் எதிலிருந்து வருது தெரியுமா? நீங்க உரித்துக் குப்பையில் கொட்டுகிற இறால் ஓடு, நண்டு ஓட்டிலிருந்துதான்!

ஆனால் கூடு மக்கும் என்பதால் உள்ளே இருக்கிறது சாதுவாகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் கார்போபியூரானை விலக்க முடிவெடுத்தது. அமெரிக்கா 2009இல் தன் உணவுப் பயிர்களில் அதற்கிருந்த அனுமதியை ரத்து செய்தது. இங்கே போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31ஓடு தடை வந்தது. கார்போபியூரானுக்கு 2023இல் வந்த ஆணையோ, உறையிட்ட 3 சதவீதக் குருணையை மட்டும் பயிருக்கு விட்டுவைத்து மற்ற வடிவங்களை நிறுத்தச் சொன்னது. ஆக, சட்டமும் உறையை நம்பித்தான் நிற்கிறது. அந்த உறை மக்குகிற சரக்கா, பிளாஸ்டிக்கா? பையைப் பார்த்துக் கேளுங்கள்.

வயல் வடிகால் எங்கே போகுது? ஆரணி ஆறு வழியாக, ஓடை வழியாக இந்த ஏரிக்குத்தான். காரத்தன்மையுள்ள தண்ணீரில் கார்போபியூரான் சீக்கிரம் சிதையும் என்பார்கள், உண்மைதான். ஆனால் இறால், பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். பூச்சியின் நரம்பை அடிக்கிற மருந்து இறால் குஞ்சை ஏன் விடும்? பாடு முறையில் இடமில்லாத இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். வயலிலும் வெறுங்கை, ஏரியிலும் வெறுங்கை.

ஆய்வு செய்கிற படித்தவர்களை ஒன்று கேட்கிறேன். மண்ணில் எத்தனை நாள் கசிகிறது என்று அளக்கிறீர்கள், சரி. ஈரம் பட்டால் உப்புகிற அந்த உருண்டை, வேர்வை ஊறின கூலிக்காரியின் உள்ளங்கையில் எத்தனை நிமிஷத்தில் கசிகிறது? அதை அளந்தீர்களா? வடிகால் வாயிலில் இருக்கிற சேற்றை எடுத்துப் பார்த்தீர்களா?

1968ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971இன் விதிகள், 39ஆம் விதி: மருந்தைக் கையாளுகிறவருக்குப் பாதுகாப்பு உடை வேணும், முன்கையில் பாதிவரை மூடுகிற கையுறை வேணும். இந்த விதியை வயல் வரப்பில் நான் பார்த்ததேயில்லை. அடுத்த நடவுக்குப் பை வந்தால் சட்டியை எடுக்காதீங்க. முதலில் கையுறை வரட்டும், பையோடு வருகிற தமிழ்ச் சீட்டை யாராவது ஒருத்தர் உரக்கப் படிக்கட்டும்.