காணச் செல்வாரும் பணியச் செல்வாரும்

திருச்சிற்றம்பலம்.



கெடிலமும் பெண்ணையும் வளஞ்செய்யும் இத்திருமுனைப்பாடி நாடு, அப்பரடிகளையும் நம்பியாரூரரையும் ஈன்ற பெருமையுடையது. இம்மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மேற்கே சென்றால் பண்ணுருட்டியை அடுத்துத் திருவதிகை. கிழக்கே சென்றால், கல்லோடு கடலில் இடப்பெற்ற அப்பரடிகள் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர். இடையிலே நாம் வாழ்கின்றோம். இதனினும் வேறு பேறு உண்டோ?

நேற்றுச் சொற்பொழிவு முடிந்ததும் பெரியவர் ஒருவர் அடியேனிடம் ஒரு வினா எழுப்பினார். "இப்போது கோயிலுக்கு வருவோரில் பலர் திருநீறு வாங்குவதில்லை, திருமுன் நிற்பதில்லை, தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். இவர்களை உள்ளே விடுவது தகுமா?" என்றார். அவர் மனம் புண்பட்டிருந்தது குரலிலே தெரிந்தது. அதற்கு விடை சொல்வதே இன்றைய பொருள்.

பழமையான இடங்களைக் காணச் செல்லும் வழக்கம் உலகெங்கும் உண்டு. இலண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க வருவோர் கட்டணம் செலுத்த வேண்டும். வழிபட வருவோர்க்குக் கட்டணம் இல்லை. வந்தவர் இன்னார் என்று வாயிலிலேயே பிரித்துவிடுகிறார்கள். (நம் கோயில்கள் பலவற்றில் சிறப்பு தரிசனச் சீட்டு வழிபட வருகிறவருக்குத்தான்! அது வேறு கதை, இங்கே வேண்டாம்.) நம் பக்கத்துச் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. செஞ்சியைக் காணலாம், ஆனால் அங்கே ஆண்ட அரசன் இன்று இல்லை. தஞ்சைப் பெருங்கோயில் 1987இல் அப்பட்டியலில் சேர்ந்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் உடன் சேர்த்து, 'வாழும் சோழப் பெருங்கோயில்கள்' என்று பெயரிட்டார்கள். 'வாழும்' என்றார்களே, அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்களை வணங்கலாம். உடையவர் அங்கே எழுந்தருளியிருக்கிறார் என்பதை அயல்நாட்டாரும் ஒப்பிய சொல் அது.

இனி, காண வருகிறவரால் நமக்கு வந்த நன்மையைக் கேளுங்கள். 1886ஆம் ஆண்டில் ஹூல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக அமர்ந்தார். அவர் சைவர் அல்லர். தீக்கை பெற்றவர் அல்லர். தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து அச்சேற்றியவர் அவரே. அக்கல்வெட்டுகளில் ஒன்று என்ன சொல்கிறது? திருப்பதியம் பாடுதற்கு இராசராச சோழர் 48 பிடாரர்களை நியமித்தார்; உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவர், ஆக 50 பேர்; ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே தேவாரம் இப்படி ஒலித்தது என்பதற்குச் சான்று அந்தக் கருங்கல். அதைப் பார்க்க வந்தவர் பார்த்துச் சொன்னார். அன்றாடம் அதன்மேல் சாய்ந்து நின்ற நாம் பார்த்தோமா?

கேடு யாரால் வருகிறது என்பதையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். கோயில்கள் போர்க்கோட்டைகளாகத் துன்புற்ற காலம் உண்டு. 1781இல் தில்லைத் திருக்கோயிலுக்குள் ஹைதர் அலியின் படை இருந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதனைத் தாக்கிப் பின்வாங்கினார். கங்கைகொண்ட சோழபுரத்து மதிற் கற்கள் 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுவதற்குப் பெயர்க்கப்பட்டன. அவை ஆட்சியாளர்கள் செய்த செயல்கள். இன்றோ, கல்வெட்டின்மேல் கற்பூரம் ஏற்றுபவர் யார்? எழுத்துக் குழிகளில் எண்ணெயைத் தடவுபவர் யார்? குங்குமத்தையும் விபூதியையும் கையில் மிஞ்சியது என்று தூணிலே கொட்டுபவர் யார்? "பரீட்சையில் தேற வேண்டும்" என்று பதிவெண்ணைக் கரியால் சுவரில் எழுதுபவர் யார்? படம் எடுக்க வந்த பிள்ளையா? அல்லவே! திருப்பணி என்று மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டியதனால் சில கோயில்களில் எழுத்து மழுங்கிப் போயிற்று. அதுவும் பக்தியின் பெயரால் நிகழ்ந்ததே.

பெரியவரே! வந்தவர் திருநீறு வாங்கவில்லை என்பது மெய். ஆயினும் வந்து நின்றாரே. திலகவதியார் திருவதிகையில் என்ன செய்தார்? விடியுமுன் எழுந்து அலகிட்டார், மெழுகிட்டார், மலர் பறித்து மாலை தொடுத்தார். வந்தவரை விரட்டினார் என்று கேட்டதில்லை. சமணம் புகுந்து, சூலை நோயால் வாடித் திரும்பிய தம்பியாரையும் ஏற்றுத் திருநீறு தந்து, திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அத்தம்பியார்தாம் பின்னர் உழவாரப் படையைத் தோளிற் சுமந்து, புல் செதுக்கிய நாவரசர். துடைப்பம் எடுத்தவருக்குத்தான் வந்தவரை அழைக்கும் உரிமை உண்டு. ஆதலால் நாளை திருவதிகைக்குப் போகும் அன்பர்கள் ஒரு பழந்துணியும் கொண்டு செல்லுங்கள். தூணில் கொட்டிய குங்குமத்தைத் துடையுங்கள். சுண்ணாம்போ வண்ணமோ பூசிய எழுத்தை மட்டும் நீங்களே சுரண்டாதீர்கள். அது அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அருகிலே யாரேனும் படம் எடுத்தால், திரிபுரம் எரித்த வரலாற்றை இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

ஒரு கோயிலுக்கு எப்படிச் செல்வது என்பதை நம் நாட்டில் காட்டியவர் நம்பியாரூரர். தில்லை நோக்கிச் செல்லும் அவர், மாலைப்பொழுதில் திருவதிகைப் புறத்தே வந்து சேர்ந்தார். உள்ளே நுழையவில்லை. ஏன்? நாவரசர் கையினால் தொண்டு செய்த மண்ணைத் தம் காலால் மிதிப்பதற்கு அஞ்சினார். புறத்தே சித்தவட மடத்தில் தங்கி, வீரட்டானரை நினைந்து துயின்றார். இறைவர் முதிய அந்தணராக வந்து, துயில்வார் போலக் கிடந்து, ஆரூரர் தலைமேல் திருவடியை வைத்தார். "அந்தணரே, உம் அடி என் தலைமேல் படுகிறதே" என்றார் இவர். முதுமையால் திசை தெரியவில்லை என்றார் அவர். ஆரூரர் தலையை வேறு பக்கம் வைத்துப் படுத்தார். அங்கும் திருவடி வந்தது. மறுபடியும் அவ்வாறே. "நீர் யார்?" என்று கேட்ட அளவில், தம்மை அறியாயோ என்று வினவி மறைந்தருளினார்.

உள்ளே சென்று காணாதவருக்குத் திருவடி தேடி வந்தது! பொழுது புலர்ந்ததும் ஆரூரர் கெடிலத்தில் நீராடி, வீரட்டானரைத் தொழுது, திருமாணிகுழியையும் திருத்தினைநகரையும் வணங்கித் தில்லைக்கு எழுந்தருளினார்.

திருச்சிற்றம்பலம்.